எழுத்தளவும் இடைவெளியும்: தமிழ் ஆய்வேடுகளின் அச்சுக்கோப்பு குறித்த ஒரு பதிப்பியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் ஆய்வேடுகளும் ஆய்வுப் பதிப்புகளும் இன்று கணினி அச்சுக்கோப்பு முறைகளால் உருவாகின்றன. அவற்றில் எழுத்தளவு, வரி இடைவெளி, சொல் இடைவெளி ஆகியவற்றை வரையறுக்கும் விதிகள் உரோமன் எழுத்தை அளவுகோலாகக் கொண்டவை. இவ்விதிகளை அப்படியே ஏற்பதால் புள்ளி, சீர், அடி, உறுப்பு, பாடவேறுபாடு ஆகியவை பாதிக்கப்படுகின்றன. அச்சுக்கோப்பு அளவுகளைப் பதிப்பியலின் ஒரு கூறாகக் கருதித் தமிழ்த்துறைகளே வரையறுக்க வேண்டும் என்பதை இக்கருத்துரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: எழுத்தளவு, வரி இடைவெளி, பாடவேறுபாடு, பதிப்பியல், லேடெக், ஆய்வேட்டு விதிகள்

முன்னுரை

ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பிக்கும் மாணவர் கைக்கு முதலில் வந்து சேர்வது வடிவமைப்பு விதித்தாள். எழுத்தளவு 12 பாயிண்ட், வரி இடைவெளி 1.5 அல்லது 2, இடப்புற ஓரம் இவ்வளவு, பக்கங்கள் இத்தனைக்கு மிகாமல் என அது பேசும். எழுத்துருவின் பெயராக ‘டைம்ஸ் நியூ ரோமன்’ குறிக்கப்பட்டிருப்பதும் உண்டு. அவ்வெழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை என்பதை விதி வகுத்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மாணவர் தமக்குக் கிடைத்த ஏதேனும் ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டு, அதனை 12 பாயிண்டில் அமைத்து, விதியை நிறைவேற்றியதாகக் கருதுகிறார். தேர்வாளரும் அவ்வாறே கருதுகிறார்.

இது தட்டச்சு மையத்தின் பொறுப்பு, ஆய்வுக்குப் புறம்பானது என்ற எண்ணம் தமிழ்ப் புலமையுலகில் வேரூன்றியுள்ளது. ஆனால் மூலபாடத்தையும் உரையையும் பாடவேறுபாட்டையும் கையாளும் துறைக்கு அந்த எண்ணம் பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

அளவும் தாளும்: ஒரு பழைய தொடர்பு

எழுத்தளவைத் தீர்மானிப்பதில் தாளின் விலைக்குப் பங்கு உண்டு என்பது தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கக் காலத்திலேயே வெளிப்பட்ட உண்மை. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் காலத்தில் செருமனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் உருவில் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிடத் தாள் போதாது என்ற நிலையில், பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹண்ட் இன்னும் சிறிய, தெளிவான எழுத்துகளை உருவாக்கினார். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி அவ்வச்சகத்தின் ஆக்கம்.

இவ்விரு நிகழ்வுகளிலும் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. எழுத்தைச் சிறிதாக்கியோர் தமிழ் எழுத்தின் உருவத்தை முன்வைத்தே அதனைச் செய்தனர். சுழிகளும் கொம்புகளும் சிறிய அளவிலும் சிதையாமல் நிற்குமாறு ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே செதுக்கவேண்டியிருந்தது. இன்று எழுத்தளவை மாற்ற ஓர் எண்ணை மாற்றினால் போதும். பணி எளிதாகிவிட்டதால், அதன் பின்னிருக்க வேண்டிய சிந்தனையும் விடுபட்டுப்போயிற்று.

12 பாயிண்ட் என்பது எதன் அளவு?

ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. டெக் முறையில் அது 72.27இல் ஒரு பங்கு. ஆகவே 12 பாயிண்ட் என்பது ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர். ஆயின் இது எந்த எழுத்தின் உயரமும் அன்று. ஈய எழுத்துக் காலத்தில் எழுத்தைத் தாங்கிய உலோகக் கட்டையின் உயரத்தை இது குறித்தது. கணினி எழுத்துருவிலோ எழுத்து வரையப்படும் கற்பனைச் சதுரத்தின் அளவை இது குறிக்கிறது. அச்சதுரத்துள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது வடிவமைப்பாளரின் விருப்பம். எனவே இரு தமிழ் எழுத்துருக்களை ஒரே 12 பாயிண்டில் அமைத்தாலும் ஒன்றின் ‘ப’ மற்றொன்றின் ‘ப’வைவிடக் கண்ணுக்குத் தெரியுமளவு பெரிதாக இருக்கக்கூடும்.

வரி இடைவெளியின் நிலை இன்னும் சிக்கலானது. சொற்செயலிகளில் 1.5 என்பது எழுத்துருவுக்குள் பொதிந்துள்ள இயல்பு வரியுயரத்தின் ஒன்றரை மடங்கு. இகர, ஈகார விலங்குகள் மேலேயும் உகர, ஊகாரக் குறிகள் கீழேயும் நீள்வதால் தமிழ் எழுத்துருக்களில் இவ்வுயரம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறுகிறது. 12 பாயிண்ட் எழுத்துரு ஒன்றின் இயல்பு வரியுயரம் 16 பாயிண்ட் எனில், 1.5 என்னும் விதி 24 பாயிண்ட் இடைவெளியைத் தரும். லேடெக்கில் நிலை வேறு. அதன் இயல்பான வகுப்புகளில் 12 பாயிண்ட் எழுத்துக்கு 14.5 பாயிண்ட் வரி இடைவெளி முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளது. ஒன்றரை இடைவெளிக்கெனப் பரவலாகப் பயன்படும் தொகுப்பு அதனை ஏறத்தாழ 1.24ஆல் பெருக்கி 18 பாயிண்ட் ஆக்குகிறது. ஒரே விதியைப் பின்பற்றிய இரு மாணவர்களுள் ஒருவரின் வரிகள் 24 பாயிண்ட் தொலைவிலும் மற்றவரின் வரிகள் 18 பாயிண்ட் தொலைவிலும் அமைகின்றன. முதலாமவரின் பக்கத்தில் 27 வரிகள் கொள்ளும் எனில், இரண்டாமவரின் பக்கத்தில் 36 வரிகள் கொள்ளும். பக்க வரம்பை வைத்து இவ்விருவரின் உழைப்பையும் ஒப்பிடுவது நியாயமாகாது.

இரட்டை இடைவெளி என்னும் வழக்கம் தட்டச்சுப் பொறிக் காலத்தின் எச்சம். வரிகளுக்கிடையே கையால் திருத்தம் எழுத இடம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் மறைந்தபின்னும் எண் மட்டும் நிலைத்துவிட்டது.

மிகச் சிறிய எழுத்தில் மிகப் பெரிய பொறுப்பு

இவையெல்லாம் தோற்றம் பற்றியவை என ஒதுக்குவோர் அடிக்குறிப்பை நோக்க வேண்டும். பாடவேறுபாடுகள் இடம்பெறுவது அங்கேதான். லேடெக்கின் இயல்பு அமைப்பில் மூலம் 10 பாயிண்ட் எனில் அடிக்குறிப்பு 8 பாயிண்ட் எழுத்தில், 9.5 பாயிண்ட் வரி இடைவெளியில் அமையும். உரோமன் எழுத்தில் நூற்பெயரும் பக்க எண்ணும் குறிக்க இவ்வளவு போதும். தமிழ்ப் பாடவேறுபாட்டுக்கு இது போதாது.

பாடவேறுபாடு என்பது பெரும்பாலும் ஓரெழுத்து வேறுபாடு. னகரமா ணகரமா, ரகரமா றகரமா, லகரமா ளகரமா, குறிலா நெடிலா, உயிர்மெய்யா மெய்யா என்பவையே பதிப்பாசிரியர் முன்நிற்கும் வினாக்கள். ஓலைச்சுவடிகளில் புள்ளி இடப்படாமையும், காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு இன்மையும், எகர ஏகார வேறுபாடு விளங்காமையும் எத்தனை பாடச் சிக்கல்களை உண்டாக்கின என்பதை உ. வே. சாமிநாதையர், சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்களின் பணியை அறிந்தோர் அறிவர். அச்சு வந்தபின் புள்ளி நிலைபெற்றது; ரகரத்தின் கீழ்க்கோடு அதனைக் காலிலிருந்து பிரித்துக் காட்டியது.

8 பாயிண்ட் எழுத்தில், சாதாரணத் தாளில், ஒளிநகல் எடுக்கப்பட்ட படியில் முதலில் மறைவன எவை? மெய்யின் மேலுள்ள புள்ளி, ரகரத்தின் கீழ்க்கோடு, ணகரத்தின் மூன்றாம் சுழி. சுவடி எந்த மயக்கத்தை விளைவித்ததோ அதே மயக்கத்தை, அதனைத் தீர்ப்பதற்கென எழுதப்பட்ட குறிப்பே மீண்டும் விளைவிக்கிறது. வரி நெருக்கமும் இதற்குத் துணைசெய்கிறது. மேல்வரியில் உள்ள ‘கூ’, ‘மூ’ ஆகியவற்றின் கீழ்நீட்சி கீழ்வரியின் புள்ளியைத் தொட்டு நிற்கும்போது அது புள்ளியா கறையா எனக் கண் தடுமாறுகிறது. நூலின் பிற பகுதிகளில் ஓரெழுத்து மங்கினால் சூழல் அதனை மீட்டுத் தரும். பாடவேறுபாட்டில் மீட்டுத்தரச் சூழல் இல்லை, அந்த ஓரெழுத்தே செய்தி.

இடைவெளி இலக்கணம் ஆகுமிடம்

தமிழ் இலக்கண மரபு சொல்லைப் பகுக்கும் இடத்துக்குப் பொருள் உண்டு என்பதை உணர்ந்தது. தனித்து நின்று ஒரு பொருளும் பிரிந்து நின்று வேறு பொருளும் தரும் சொல்லை நன்னூல் பொதுமொழி எனப் பெயரிட்டது. ‘பலகை’ என்பதும் ‘பல கை’ என்பதும், ‘தாமரை’ என்பதும் ‘தா மரை’ என்பதும் அச்சில் ஓர் இடைவெளியால் மட்டுமே வேறுபடுகின்றன. சுவடியில் இல்லாத இந்த இடைவெளியை இடுவது பதிப்பாசிரியரின் பொருள்கோள் முடிவு. 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகள் குறித்த பாராட்டும் மறுப்பும் இம்முடிவு எவ்வளவு கனமானது என்பதையே காட்டின.

டெக் முறையை 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய டொனால்டு குனூத், எழுத்துகளைப் பெட்டிகளாகவும் இடைவெளிகளை நீளவும் சுருங்கவும் வல்ல பசையாகவும் கருதினார். பத்தி முழுவதையும் ஒருசேர நோக்கி, எங்கு வரியை முறித்தால் பசை குறைவாகத் திரிபடையும் எனக் கணித்து வரிகளை அமைப்பது அதன் சிறப்பு. ஆயின் இம்முறை செம்மையாக இயங்க வரியில் போதிய இடைவெளிகள் வேண்டும். ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் அமையும் அகலத்தில் தமிழில் பெரும்பாலும் ஆறேழு சொற்களே அமைகின்றன. ஆகவே மிகுதி இடம் முழுவதும் ஐந்தாறு இடைவெளிகளின் மேல் சுமத்தப்படுகிறது. ஒரு வரியில் இடைவெளி அகன்றும் அடுத்த வரியில் ஒடுங்கியும் நிற்கும். ஒடுங்கிய வரியில் ‘பல கை’ பலகையாகத் தோன்றுகிறது. அகன்ற வரியில் இல்லாத நிறுத்தம் இருப்பதாகத் தோன்றுகிறது.

இதற்குத் தீர்வாகச் சொல்லை வரியிறுதியில் முறிக்கும் வசதி உண்டு. தமிழ் அச்சு மரபில் அவ்வாறு முறிக்கும்போது இணைகோடு இடும் கட்டாயம் இல்லை. உரைநடை நூலுக்கு இது பொருந்தும். மூலபாடத்துக்கும் பாடவேறுபாட்டின் தலைச்சொல்லுக்கும் பொருந்தாது. வரியிறுதியில் ‘பல’ என நின்று அடுத்த வரியில் ‘கை’ எனத் தொடங்கினால், அது அச்சுக்கோப்பின் முறிப்பா பதிப்பாசிரியரின் பகுப்பா என அறிய வழியில்லை. இரு பக்கமும் நேராக்கும் அழகைவிட ஐயமின்மை மேலானது. மூலபாடத்தை வலப்பக்கம் நேராக்காமல், சொல்லிடைவெளி மாறாமல் அமைப்பதே தகும்.

அடியும் உறுப்பும்

செய்யுளை அச்சுக்கோப்பதில் இச்சிக்கல் முதிர்கிறது. குறள் வெண்பாவின் முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர். இருபத்தி அமைப்புடைய ஆய்விதழ்களில் நாற்சீரடி முறிந்து, மூன்று வரிகளாகக் காட்சியளிக்கும் குறளைக் காண்பது அரிதன்று. ஐஞ்சீருக்கு மேற்பட்ட கழிநெடிலடிகளின் நிலை இன்னும் மோசமானது. அடியை ஒரே வரியில் கொண்டுவருவதற்காக அச்செய்யுளின் எழுத்தளவை மட்டும் குறைப்பது வழக்கமாகிவிட்டது. அடுத்தடுத்த இரு மேற்கோள்கள் இரு வேறு அளவுகளில் நின்றால், அளவு வேறுபாட்டுக்கு ஏதோ பொருளுண்டு எனப் படிப்போர் எண்ணுவது இயல்பு. மூலம் பெரிதாகவும் உரை சிறிதாகவும் அமைவது நம் அச்சு மரபு கற்பித்த குறியீடு. அதனை இட நெருக்கடிக்குப் பயன்படுத்தினால் குறியீடு பொருளிழக்கும். எழுத்தளவைக் குறைக்காமல், மிகுந்த சீர்களை அடுத்த வரியில் உள்தள்ளி அமைப்பதே அடியின் ஒருமையைக் காக்கும்.

செங்குத்து இடைவெளியும் இவ்வாறே. கலிப்பாவில் தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் ஆகிய உறுப்புகளைப் பிரித்துக் காட்டுவது அவற்றிடையே விடப்படும் இடைவெளி. லேடெக்கின் நூல் வகுப்பு எல்லாப் பக்கங்களையும் கீழ்விளிம்பில் சமமாக முடிக்க முயலும். அதற்காகப் பத்திகளுக்கும் பாக்களுக்கும் இடையேயுள்ள நீளத்தக்க இடைவெளிகளை விரிக்கும். விளைவாக ஒரு பக்கத்தில் தாழிசைகளுக்கிடையே உள்ள இடைவெளி, அடுத்த பக்கத்தில் இரு பாடல்களுக்கிடையே உள்ள இடைவெளிக்கு நிகராகிவிடக்கூடும். எங்கு உறுப்பு முடிகிறது, எங்குப் பாடல் முடிகிறது என்பது குழம்பும். கீழ்விளிம்பு சமமின்றி நிற்கட்டும் என ஒரு கட்டளையும், உறுப்பிடைவெளி நீளாதிருக்கட்டும் என ஒரு வரையறையும் கொடுத்தால் இது தீரும். ஆனால் கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தவர் கலிப்பாவின் உறுப்புகளை அறிந்தவராகவும் இருக்க வேண்டும்.

தோற்றத்திற்கன்று, பணிக்கே பெயர்

நடைமுறையில் மாணவர்கள் இடைவெளியை விசையை மீண்டும் மீண்டும் அழுத்தியும், எழுத்தளவை ஆங்காங்கே மாற்றியும் பக்கத்தைச் சரிசெய்கின்றனர். கோப்பு வேறு கணினிக்குச் செல்லும்போதோ எழுத்துரு மாறும்போதோ அவ்வேலை முழுவதும் குலைகிறது. லேடெக்கைக் கற்றவர்களும் இதில் தவறுவது உண்டு. உரைப்பகுதியைச் சிறிய எழுத்தில் அடைப்புக்குள் அமைத்துவிட்டு, பத்தி முடியும் முன்பே அடைப்பை மூடிவிட்டால், எழுத்து மட்டும் சிறிதாகி வரி இடைவெளி மூலத்துக்குரிய அளவிலேயே நிற்கும். டெக் முறை வரி இடைவெளியைப் பத்தியின் முடிவில் நோக்கித் தீர்மானிப்பதே இதன் காரணம்.

இலத்தீன் எழுத்தோடு தமிழைக் கலக்கும்போது மற்றொரு பிழை நேர்கிறது. ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்துக்கு ஏற்ப எழுத்துருக்களை ஒத்திசைக்கும் வசதி லேடெக்கில் உண்டு. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடே இல்லாததால் அக்கணக்கு தமிழெழுத்தை அளப்பதில்லை. ‘ப’ என்னும் எழுத்தின் உயரத்தை அளந்து, அதற்கு ஏற்ப மற்றதைச் சுருக்குவதே நேர்வழி.

இவற்றுக்குப் பொதுவான தீர்வு, அளவுக்குப் பெயரிடாமல் பணிக்குப் பெயரிடுவது. ‘9 பாயிண்ட்’ என ஆங்காங்கே எழுதாமல் ‘மூலம்’, ‘உரை’, ‘பாடவேறுபாடு’, ‘தாழிசை’ எனக் கட்டளைகளை ஒருமுறை வரையறுத்துக்கொண்டால், அளவை ஓரிடத்தில் மாற்ற நூல் முழுவதும் மாறும். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் லேடெக்கை உருவாக்கியதன் அடிப்படையும் இதுவே. சொற்செயலிகளிலும் பாணி வரையறை என்னும் வசதி இதற்கு உண்டு. ஆகவே எந்த மென்பொருள் என்பது இங்கு வாதமன்று.

மறுப்புகளும் விடைகளும்

பொது விதி இருப்பதே அனைவருக்கும் சமநீதி என்பர். எண் ஒன்றாக இருந்து விளைவு வேறாக இருப்பது சமநீதியன்று என்பது மேலே காட்டப்பட்டது. எழுத்தைப் பெரிதாக்கினால் தாட்செலவு கூடும் என்பர். உண்மையே. ஆய்வேட்டுச் செலவு மாணவரின் கையிலிருந்தே செல்கிறது. ஆனால் 24 பாயிண்ட் வரி இடைவெளியை 18 அல்லது 19 ஆக்கினால் மிச்சமாகும் தாள், அடிக்குறிப்பை 8 பாயிண்டிலிருந்து 10 ஆக்குவதற்குத் தேவைப்படும் தாளைவிட மிகுதி. தமிழறிஞர் அச்சுத்தொழில் கற்க வேண்டுமா என்பர். 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் அச்சுப்படிகளைத் தாமே திருத்தினர். எது மூலம், எது உரை, எது மேற்கோள் எனப் பக்கத்தில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை அவர்களின் புலமையே தீர்மானித்தது. அப்பொறுப்பு அயலாரிடம் சென்றது அண்மைக் கால மாற்றம்.

முடிவுரை

தமிழ்த்துறைகள் தத்தம் ஆய்வேட்டு விதிகளில் ஐந்து மாற்றங்களைச் செய்வது இன்றியமையாதது. முதலாவது, பெருக்கல் எண்ணை நீக்கி வரிக்கு வரி உள்ள தொலைவைப் பாயிண்டில் குறிப்பது. இரண்டாவது, எழுத்துருவைப் பெயர் சொல்லிக் குறிப்பது, அல்லது ‘ப’வின் உயரத்தை மில்லிமீட்டரில் வரையறுப்பது. மூன்றாவது, பாடவேறுபாடு இடம்பெறும் குறிப்புகள் எந்நிலையிலும் 10 பாயிண்டுக்குக் குறையாமல் காப்பது. நான்காவது, மூலபாடத்தில் சொல்லிடைவெளியும் உறுப்பிடைவெளியும் மாறாமல் நிறுத்துவது. ஐந்தாவது, பக்க வரம்புக்கு மாறாகச் சொல் வரம்பை வைப்பது.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவோ புதிய கருவியோ தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் ஓர் அமர்வும், துறை முழுவதற்கும் பொதுவான ஒரு வார்ப்புருக் கோப்பும் போதும். சுவடியில் இல்லாத புள்ளியைத் தேடிக் கண்டு பதிப்பித்த மரபு, அச்சில் உள்ள புள்ளி படிப்போர் கண்ணுக்குத் தெரிகிறதா எனப் பார்ப்பதையும் தன் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.